பழைய அளவில் ஒரு சைக்கிள்

ஒரே கடை, நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. தடுப்புக்கு இந்தப் பக்கம் டெய்லர், அந்தப் பக்கம் சைக்கிள்காரம்மா. இருவரும் புருஷன் பெண்டாட்டி. இந்தப் பக்கம் தையல் மெஷின் கடகடக்கும், அந்தப் பக்கம் இரும்புக் குழாயில் அரம் கரகரக்கும். இரண்டு சத்தமும் சேர்ந்து நின்றால் டீ நேரம் என்று தெருவுக்கே தெரியும்.

பஞ்சர் ஒட்ட யாராவது வந்தால் சைக்கிள்காரம்மா ஒட்டிக் கொடுப்பாள், முகம் மட்டும் கொஞ்சம் நீளும். அவளுடைய வேலை சைக்கிளையே செய்வது. வருகிறவரைச் செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு பலகைமேல் நிறுத்துவாள். கால், முதுகு, கை, தோள் என்று ஒன்று விடாமல் அளப்பாள். பிறகு அந்த உடம்புக்கென்றே குழாய்களை அறுத்து, முனைகளை அரத்தால் தேய்த்து, பித்தளையை உருக்கி ஒட்டி பிரேம் கட்டுவாள். பலகையில் ஏறாதவருக்கு வண்டி கிடையாது. "போன தடவை எடுத்த அளவு இருக்குமேம்மா" என்று யாராவது இழுத்தால், "போன தடவை வந்த ஆளேவா இப்ப வந்திருக்கீங்க? ஏறுங்க" என்பாள்.

டெய்லரும் இதில் அதே கட்சிதான். பழைய அளவில் ஒரு காஜாகூட எடுக்க மாட்டேன் என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

புதுசு என்றாலே அவளுக்கு ஆகாது என்று சொல்லிவிட முடியாது. நல்ல பிரேக் வந்தபோது முதல் ஆளாக வாங்கி மாட்டியவள் அவள்தான். புதுசு வருகிற வேகம்தான் அவளுக்கு எரிச்சல். போன வருஷத்துச் செயின் இந்த வருஷத்துப் பல்சக்கரத்தில் உட்காராது. ஒயரே இல்லாமல் கியர் மாறும் என்று ஒருவர் பெருமையாக வாங்கினார். பாதி வழியில் சார்ஜ் தீர்ந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு அவளிடமே வந்து நின்றார். "முன்னெல்லாம் மிதிக்கிறவர் சாப்பிட்டா போதும். இப்ப வண்டிக்கும் தனியா இலை போடணுமாம்" என்று அவள் சொன்னதை டெய்லர் ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். பேட்டரி சைக்கிளுக்கு அவள் வைத்த பெயர் கரண்ட் எருமை. தன் கைபட்ட குழாயில் மோட்டார் ஏறாது என்பது அவள் சட்டம்.

அந்தச் சட்டம் ஒருநாள் தன் தலையிலேயே விடியும் என்று டெய்லர் நினைத்திருக்கவில்லை.

கடை திறப்பதற்கு முன் இருவரும் ஆளுக்கொரு சைக்கிளில் குடிதண்ணீர்த் தொட்டி இருக்கும் மேட்டுக்குப் போவார்கள். மேலே ஒரு குட்டைச் சுவர். அதில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றிக் குடித்தபடி அவள் பேசுவாள். கடையில் வேலையில் இறங்கிவிட்டால் அவள் வாயே திறப்பதில்லை. உடம்பில் அவர் தைத்த சட்டை, முகத்தில் கண்ணாடி, கையில் நெருப்பு. வீட்டுக்கு வந்தால் அலுப்பு. ஆகவே அவருக்கு முழுதாக அவள் கிடைப்பது அந்தச் சுவரில்தான். அதற்காகவே அவர் மேடு ஏறினார் என்றாலும் தப்பில்லை.

போன வருஷம் நெஞ்சில் சளி கட்டி, டெய்லர் ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டு வந்தார். ஆள் வந்துவிட்டார், மூச்சு முழுசாக வரவில்லை. மேட்டில் கால்வாசிகூட ஏற முடியாமல் இறங்கி நின்றார். "நீ போ, நான் இங்கேயே காத்தாட நிக்கிறேன்" என்றார். அவள் போகாமல் கூடவே நின்றாள். பிளாஸ்கைத் திறக்காமலேயே இருவரும் திரும்பினார்கள்.

அன்றிலிருந்து அவள் பக்கத்து அரம் வேறு மாதிரி கேட்டது. என்ன என்று எட்டிப் பார்த்தால் துணியைப் போட்டு மூடிவிடுவாள். கடைசியில் ஒருநாள் துணியை எடுத்தாள். பச்சை நிறத்தில், ஒற்றை விரலால் தூக்கிவிடலாம் போல ஒரு சைக்கிள். கிடைத்ததிலேயே மெல்லிய குழாய், புத்தம்புதுத் தோல் சீட்டு. "இவ்வளவு லேசா நான் யாருக்கும் கட்டினதில்லீங்க. இதுல ஏறிடுவீங்க பாருங்க" என்றாள். கண்ணெல்லாம் சிரிப்பு.

அவர் ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. ஹேண்டில் தூரமாக இருந்தது. எட்டிப் பிடித்தால் தோள் இழுத்தது, கழுத்தில் சுருக்கென்றது. முதுகு அவ்வளவு நீளவில்லை. பிரேம் பிழையில்லை. அவர் உடம்புதான் ஆஸ்பத்திரியில் கொஞ்சம், அதற்கும் முன்பே மெஷின் முன்னால் குனிந்து குனிந்து கொஞ்சம் என்று சுருங்கியிருந்தது. தன் சட்டைகளையெல்லாம் அவள் பார்க்காதபோது அவர் பிரித்துச் சின்னதாக்கிக்கொண்டது அதனால்தான். அவளோ உலகத்தையே பலகையில் ஏற்றியவள், தன் புருஷனை மட்டும் ஏற்றவில்லை. மனப்பாடமாகத் தெரிந்த உடம்பை யாராவது அளப்பார்களா?

"எப்படிங்க இருக்கு?"

"பிரமாதம்மா. கையை வச்சா தானா போகுது" என்றார். வாய் கூசாமல் வந்த பொய் அது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதைச் சொல்வது?

பிறகு சாக்குகள் தொடங்கின. இன்றைக்குப் பனி, நாளைக்கு அவசரத் தையல், மறுநாள் கால் குடைச்சல். காலையில் அவள் தனியாகப் போய், சீக்கிரமே திரும்பி வந்தாள். பிளாஸ்க் எடுத்துப் போவதையும் விட்டுவிட்டாள். அது அவருக்கு நெஞ்சை அறுத்தது.

தெருமுனையில் வாடகைக்குப் பேட்டரி சைக்கிள்கள் நின்றன. போனைக் காட்டினால் பூட்டுத் திறக்கும். தைத்த துணியைக் கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லி ஒரு மத்தியானம் அவர் பச்சை வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார். அதை மருந்துக்கடைச் சந்தில் பூட்டிவிட்டு, கள்ளத்தொடர்பு வைத்தவரைப் போல இரண்டு பக்கமும் பார்த்து ஒரு கரண்ட் எருமையில் ஏறினார். சீட்டையும் ஹேண்டிலையும் வேண்டிய மட்டும் தாழ்த்த முடிந்தது. மிதித்தால், யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல இருந்தது. மேட்டின் உச்சியில் போய் நின்றபோது மூச்சு மூச்சாகவே இருந்தது. குட்டைச் சுவரில் உட்கார்ந்தார். பக்கத்து இடம் காலியாக இருந்தது. பாதிச் சந்தோஷம்தான் வந்தது, மீதிப் பாதி வரவே இல்லை. இருந்தும் அடுத்தடுத்த நாளும் போனார்.

பிடிபட்டது சீட்டால். தோல் சீட்டு என்பது வளர்க்கிற நாய் மாதிரி, உட்காருகிறவரை நாளாக நாளாகப் பழகிக்கொள்ளும். இடுப்பெலும்பு இரண்டும் பதிந்து இரண்டு குழி விழும். செயினுக்கு எண்ணெய் விட வண்டியைத் தன் பக்கம் இழுத்த சைக்கிள்காரம்மா, சீட்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். வாங்கிய அன்றைக்கு இருந்தது போலவே வழவழவென்று மேடாக இருந்தது. அரச் சத்தம் மறுபடி எழவில்லை. டீ நேரமும் இல்லை. டெய்லரின் மெஷினும் தானாகவே நின்றது.

"தினமும் எதுலங்க போறீங்க?"

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். இனி மழுப்பிப் பயனில்லை. "வாடகை வண்டியில. பேட்டரி."

"எருமையிலயா?"

"ஆமா."

அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தார். அவளோ குரல் இறங்கிக் கேட்டாள்: "என் வண்டி என்னங்க பண்ணுச்சு? ரோட்டுல நிக்கிற, ஆரோ ஏறி ஆரோ இறங்கின சீட்டு உங்களுக்குத் தோதா இருக்கு. நான் கட்டினது இல்லையா?"

"உன் வண்டியில ஒரு குறையும் இல்லம்மா. ஆனா அதை நீ எனக்குக் கட்டல. நான் முன்ன எப்படி இருந்தேனோ, அந்த ஆளுக்குக் கட்டியிருக்க."

சொன்ன பிறகுதான், சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று தோன்றியது. அவள் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தாள். பிறகு தடுப்பைச் சுற்றி வந்து, அவர் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை உருவிக்கொண்டாள்.

"செருப்பைக் கழட்டுங்க."

டெய்லர் பலகையில் ஏறி நின்றார். எத்தனையோ பேர் பாதம் பட்டு வழவழத்த பலகை. அதில் அவர் நின்றதே இல்லை. அவள் கை அளந்தாள். தோள் அளந்தாள். முதுகுக்கு வந்ததும் நாடா நின்றுவிட்டது. அங்கே புதிதாக விழுந்திருந்த கூனலை உள்ளங்கையால் மேலும் கீழுமாகத் தடவினாள். ஒவ்வோர் இரவும் பக்கத்தில் படுத்த முதுகு அது.

"எப்பங்க இப்படி ஆனீங்க?"

"உன் பக்கத்துலயேதான் இருந்தேன். தினம் கொஞ்சம் கொஞ்சமா."

அவள் நெற்றியை அந்த முதுகிலேயே வைத்து அழுதாள். டெய்லர் திரும்பவில்லை. அளவு எடுக்கும்போது அசையக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

புது அளவில் பிரேமைப் பிரித்துக் கட்ட அவள் உட்கார்ந்தாள். "மூச்சு மட்டும் அளவுல வராதும்மா" என்று அவர் மெல்ல எடுத்துக் கொடுத்தார். அவள் காதில் விழாதது போல இருந்தாள். மறுநாள் மத்தியானம் ஒரு வேலையாகப் போவதாகச் சொல்லிக் கிளம்பினாள். திரும்பி வந்தபோது தலைமுடி காற்றில் பறந்து கலைந்திருந்தது.

"மேட்டுக்குப் போயிருந்தியா?"

"ம்."

"எருமையிலயா?"

"தள்ளுது" என்றாள், திருட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு. "பிரேம்தான் கண்றாவி. எவனோ கடப்பாரையை வளைச்சு வச்சிருக்கான். மோட்டார் பாவம், என்ன செய்யும்?"

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. மோட்டார் விற்கும் கடைக்குப் போய் அங்கிருந்தவர்களிடம் மல்லுக்கு நின்றாள், அது ஒரே ஒரு வகைப் பிரேமில்தான் உட்காரும் என்று அவர்கள் சொன்னதற்கு. கடைசியில் மிதிக்கு மேலே மோட்டார் உட்கார இரும்பில் தானே ஒரு கூடு செய்தாள். பேட்டரியைக் கொண்டுவந்து டெய்லரின் மேஜைமேல் வைத்தாள். "இதுக்குக் கித்தான்ல ஒரு சட்டை தைங்க. மனப்பாடமா தைச்சுடாதீங்க, அளந்து தைங்க" என்றாள். அவர் பேட்டரியை நான்கு பக்கமும் அளந்து, மழைத்தண்ணீர் இறங்காதபடி இரட்டைத் தையல் போட்டார்.

வண்டி முடிந்த மறுநாள் காலை பிளாஸ்க் வெளியே வந்தது.

மேட்டில் டெய்லரின் வண்டி அலுங்காமல் ஏறியது. ஹேண்டில் கைக்கே வந்து நின்றது, கழுத்து வலிக்கவில்லை. பாதி ஏறிய பிறகுதான் அவள் பின்னால் தங்கிவிட்டது தெரிந்தது. "மெதுவாப் போங்க. நான் இன்னும் சாப்பிட்டுத்தான் மிதிக்கிறேன்" என்று கீழேயிருந்து குரல் வந்தது. அவர் மோட்டாரைக் குறைத்துக்கொண்டு காத்திருந்தார். அவள் பக்கத்தில் வந்ததும் சேர்ந்து ஏறினார்கள்.

குட்டைச் சுவரில் டீயை ஊற்றினாள். அவள் பேசப் பேச அவர் கேட்டுக்கொண்டிருந்தார். மீதிப் பாதிச் சந்தோஷமும் வந்து சேர்ந்தது. நடுவில் அவள் பேச்சை நிறுத்தினாள்.

"ஏங்க, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே."

"சொல்லு."

"இந்தச் சட்டை தோள்ல பிடிக்குது."

"எந்தச் சட்டை?"

"நீங்க தைச்சுத் தர்ற எல்லாச் சட்டையும்தான்."

அவர் டம்ளரைச் சுவரில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அவள் எப்போதும் மேல் பொத்தானைப் போடுவதில்லை, நெருப்பு வேலை, வெக்கை என்று நினைத்திருந்தார். இப்போது கையைத் தூக்கச் சொன்னார். அக்குளுக்குக் கீழே தையலைப் பிரித்து, ஒட்டுத்துணி வைத்து, வேறு நிற நூலில் கோணல்மாணலாகத் தைத்திருந்தது. அது அவர் கை இல்லை. அத்தனை வருஷம் அரம் பிடித்து அகன்ற தோளுக்கு, கல்யாணம் ஆன புதிதில் எடுத்த அளவிலேயே அவர் தைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா சொல்லல?"

"நீங்க சொன்னீங்களா? ஆசையா தைச்சு நீட்டுறீங்க. பிரமாதம்னுதான் எனக்கும் வாயில வந்துச்சு."

டெய்லர் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கிய பிறகும் அவள் கையை விடவில்லை. பிறகு கழுத்திலிருந்து அளவு நாடாவை எடுத்தார்.

"எந்திரி. செருப்பைக் கழட்டு."

"சட்டைக்கு எதுக்குங்க செருப்பைக் கழட்டணும்?"

"உன் கடைச் சட்டம்தானே? கழட்டு."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் தரையில் நேராக நின்றாள். அவர் தோளிலிருந்து ஆரம்பித்தார்.