அவசரக்குடுக்கைக்குக் கொடுத்த தேன்

பகல்நேரக் காப்பகத்தில் அந்தக் குழந்தைக்கு வைத்த பெயர் அவசரக்குடுக்கை. உட்காரப் பழகுமுன் எழுந்தாள், எழுந்த கையோடு நடந்தாள். தவழும் அறையில் மற்ற குழந்தைகளின் கைகால்களை மிதித்துக்கொண்டு திரிந்ததால், "இவளை இங்கயே வச்சா மத்ததெல்லாம் சப்பையாயிடும்" என்று காப்பகத்தை நடத்தும் பெரியக்கா அவளை நடக்கும் அறைக்கு மாற்றிவிட்டாள். அந்த அறை சின்னக்காவின் பொறுப்பு.

ஒரு நாள் சாயங்காலம் குழந்தையைக் கூட்டிப்போக அம்மாக்காரி வந்தாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். நின்று பேச நேரமிருக்காது. அன்று என்னவோ நின்றாள்.

"செருப்பு வாங்கப் போனேங்கா. இன்னும் ஒரு வயசே ஆகலைன்னு சொன்னா கடைக்காரர் நம்பவே மாட்டேங்கறாரு!"

சின்னக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஒரு வயசு ஆகலையா?"

"அடுத்த மாசம்தான். ஏங்கா?"

"இல்ல, சும்மாதான் கேட்டேன்."

கார் போய்விட்டது. சின்னக்காவுக்கு அன்று மத்தியானம் நடந்தது நினைவுக்கு வந்தது. அறையே சேர்ந்து இருமியது. அந்த அறைப் பிள்ளைகளுக்கு இருமல் வந்தால் வெதுவெதுப்பான நீரில் அரை ஸ்பூன் தேன் கலந்து கொடுக்கப் பெற்றவர்கள் எப்போதோ சம்மதித்திருந்தார்கள். அவசரக்குடுக்கையும் வாயைத் திறந்துகொண்டு வரிசையில் நின்றாள். சின்னக்கா ஊற்றிவிட்டாள்.

'ஒரு வயது ஆகும்வரை தேன் கொடுக்கக் கூடாது.' தவழும் அறைச் சுவரில் அதை எழுதி ஒட்டியதே அவள்தான். நடப்பவர்களுக்கு எதற்கென்று இந்த அறையில் ஒட்டவில்லை.

பெரியக்கா டீயைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"பெரியக்கா, என் தலையில நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டேன்."

கேட்டு முடித்ததும் பெரியக்கா, "எவ்வளவு உள்ள போயிருக்கும்?" என்றாள்.

"பாதி கழுத்து வழியா ஒழுகிடுச்சு."

"அப்புறம் என்ன? விடு."

"விடறதா? தேன்ல இருக்கற கிருமி அந்த வயசுக் குடல்ல முளைச்சு விஷமாகும்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானே!"

"எல்லாத் தேன்லயுமா இருக்கும்?"

"இதுல இல்லைன்னு யாரு பாத்தா?"

பெரியக்கா குழந்தை டாக்டரைப் போனில் கூப்பிட்டு, இருவருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தாள்.

"பதறாதீங்க. பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது" என்றார் டாக்டர். "ஆனா சில வாரம் கண்ணும் கருத்துமா பாக்கணும். மலம் போகாம இருக்கறது, பால் உறிஞ்சத் தெம்பில்லாம போறது, கண் இமை தொங்கறது, கைகால் துவளறது, அழுகைச் சத்தம் தேயறது... இதுல எது தெரிஞ்சாலும் உடனே ஆஸ்பத்திரி. அம்மா கிட்ட சொல்லிட்டீங்களா?"

சின்னக்கா பெரியக்காவைப் பார்த்தாள்; பெரியக்கா டீயைக் கலக்கினாள்.

"வீட்ல பாக்கப் போறது அவங்கதானே!"

"அப்போ இனிமே எந்தப் பிள்ளைக்கும் தேனே வேண்டாமா டாக்டர்?" என்றாள் சின்னக்கா.

"யாரு சொன்னா? ஒரு வயசு தாண்டின பிள்ளைக்கு இருமல்னா அரை ஸ்பூன் குடுக்கலாம், தொண்டைக்கு இதம். அப்புறம் பல்லைச் சுத்தம் பண்ணி விடுங்க. நடையைப் பாக்காதீங்க, வயசைப் பாருங்க. அது என்ன ஸ்பூன் சத்தம்? பெரியக்கா, டீல தேனா? உங்க சர்க்கரை வியாதிக்கு அதுவும் சர்க்கரைதான்!"

"மனுஷனுக்குக் காதா, கேமராவா?" என்று முணுமுணுத்துக் கோப்பையைத் தள்ளி வைத்தாள் பெரியக்கா. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "சொன்னா காப்பகத்தையே இழுத்து மூட வச்சிடுவாங்கடி."

"மூடட்டும்" என்று சின்னக்கா எண்களை அழுத்தினாள்.

அம்மாக்காரி முழுக்கக் கேட்டாள்.

"வாசல்ல நிக்கும்போதே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"அப்ப ஏன் சும்மான்னு சொன்னீங்க?"

"நாக்கு எழலம்மா."

தொடர்பு அறுந்தது.

மறுநாள் குழந்தை வரவில்லை. தினம் காலையில் சின்னக்கா போன் செய்தாள்.

"வெளிக்குப் போனாளாம்மா?"

"போனா."

"பால்?"

"குடிச்சா."

அவ்வளவுதான். அக்கா என்ற சொல்லே அந்த வாயிலிருந்து வரவில்லை. அது இருக்கட்டும், குழந்தை நன்றாக இருந்தால் போதும் என்று கிடந்தாள் சின்னக்கா. ஒரு நாள், "இன்னும் போகல. டாக்டர் கிட்டத்தான் கூட்டிட்டுப் போறேன்" என்று பதில் வந்தது. அன்று அவளுக்கு உயிர் உயிராக இல்லை. தூங்குகிற பிள்ளைகளின் இமைகளையெல்லாம் குனிந்து குனிந்து பார்த்தாள். சோற்றை வாய்க்குக் கொண்டுபோய்க் கீழே வைத்தாள்.

மத்தியானம் போன் அடித்தது. எடுக்கப் பயந்து எடுத்தாள்.

"டாக்டர் பாத்துட்டாரு, ஒண்ணும் இல்லையாம். வர்ற வழியிலேயே போயாச்சுக்கா. கார் சீட் மேலேயே!"

'அக்கா' காதில் விழுந்ததும் சின்னக்கா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் சொன்ன வாரங்கள் கழிந்து ஒரு காலையில் அம்மாக்காரி குழந்தையோடு வாசலில் நின்றாள். கை மாறியதுதான் தாமதம், அவசரக்குடுக்கை கட்டடம் அதிர அலறினாள்.

"யாருடி அது? சமாதானப்படுத்தேன்!" என்று உள்ளிருந்து பெரியக்கா கத்தினாள்.

"இருங்க, சத்தம் தேயுதான்னு பாக்கறேன்."

"அதெல்லாம் தேயாதுக்கா. என் மாமியார் தொண்டை அது" என்றாள் அம்மாக்காரி. சிரிக்கவில்லை; ஆனால் முகம் கொஞ்சம் இளகியிருந்தது. "ஒரு வயசு முடிஞ்சுது. இருந்தாலும் எதுவா இருந்தாலும் என்னைக் கேட்டுட்டுக் குடுங்க."

"கேக்காம பச்சைத்தண்ணி கூடக் குடுக்க மாட்டேம்மா."

அழுது ஓய்ந்த குழந்தை சின்னக்காவின் தோளில் ஒரு இருமல் இருமியது. இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"தண்ணி குடுக்கட்டுமா?" என்றாள் சின்னக்கா.

"குடுங்கக்கா" என்றாள் அம்மாக்காரி. குழந்தை குடித்து முடிக்கும்வரை வாசலை விட்டு நகரவில்லை.