ஏழாம் கட்டம்

"அசையாதீங்கம்மா. மூச்சை மட்டும் விடுங்க."

தையல்காரம்மா ஸ்டூலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பின்பக்கம் திறக்கும் நீல அங்கி. அவள் தைத்திருந்தால் தோள் இப்படித் தொங்கியிருக்காது. ஒரு விளக்கு, ஒரு மேசை, சிவப்பில் நான்கு தினுசுகளைப் பூஜ்யம் முதல் மூன்று வரை எண் போட்டு அச்சடித்து மாட்டிய அட்டை, அவ்வளவுதான் அந்த அறை. கடைக்குப் போகுமுன் முகக்கிரீமும் தலைச்சாயமும் குழந்தைப் பவுடரும் இப்படி யாரோ ஒருத்தர் முதுகில் இரண்டு நாள் ஒட்டிக் கிடக்க வேண்டும். இரண்டு வரிசை, பத்துக் கட்டம். எதில் எது என்று ஒட்டியவளுக்கும் தெரியாது, ஒட்டிக்கொண்டவளுக்கும் தெரியாது. ஒட்டை உரித்து, சிவந்ததா தடித்ததா என்று பார்த்து எண் போடுவது இந்தப் பெண்ணின் வேலை. சோடாப்புட்டிக் கண்ணாடி போட்டிருந்ததால் முதுகு கொடுக்க வருகிறவர்கள் அவளுக்கு லென்ஸு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"என்ன லென்ஸு, பரீட்சைப் பேப்பர் திருத்துற மாதிரி பாக்குற?"

"பேசினா தோல் அசையும். ஒண்ணு, பூஜ்யம். ரெண்டு, பூஜ்யம்."

"ஃபெயிலா?"

"இங்க பூஜ்யம் வாங்கினாத்தான் பாஸ்."

"இந்த டீச்சர் எனக்குப் பள்ளிக்கூடத்துல கெடைக்காம போயிட்டாங்களே!"

லென்ஸு சிரித்துக்கொண்டே ஐந்து வரை எழுதினாள். இரண்டாவது பட்டையை உரித்தபோது தையல்காரம்மா பல்லைக் கடித்தது கேட்டது. சிரிப்பு நின்றது.

"ஏழுல அரிக்குதாம்மா?"

"இல்ல."

"எரியுதா?"

"வலிக்குது."

கிரீம் அரிக்கும், எரியும். வலிக்காது. லென்ஸு விளக்கைக் கிட்டே இழுத்தாள். ஏழாம் கட்டம் வீங்கியிருந்தது. சிவப்பு அங்கே நிற்காமல் பேனாக் கோட்டைத் தாண்டி ஆறிலும் எட்டிலும் கருநீலமாக இறங்கியிருந்தது. நடுவே வரிசையாக நாலு புள்ளி.

"விழுந்துட்டேன்," என்றாள் தையல்காரம்மா, கேட்காமலே.

இது அவளுக்கு ஆறாவது தடவை. பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டாள் என்று முதல் தடவை வந்தது. அந்த வாரம் மகன் கையை ஓங்கியபோது, "அங்க வேணாம்டா, ஒட்டு இருக்கு, நாளைக்குப் பாப்பாங்க" என்று வாயில் வந்துவிட்டது. ஓங்கிய கை அப்படியே நின்றது. அவளுக்கே நம்ப முடியவில்லை. ஏன் எப்போதும் முதுகு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. முதுகை யாரும் பார்ப்பதில்லை. பார்க்கிறார்கள் என்றால் அவன் கதவை உதைத்தான், தட்டை விசிறினான், அதோடு விட்டான். இரண்டு சோதனைகளுக்கு நடுவே வருகிற இடைவெளியில் விட்டதையெல்லாம் சேர்த்துக் கொடுத்தான். அடுத்த ஒட்டு எப்போது என்று அவள் நாள் எண்ணிக்கொண்டிருப்பாள். புதிதாக முகக்கிரீம் விளம்பரம் எதைப் பார்த்தாலும் மனசுக்குள் ஒரு நிம்மதி.

நேற்று, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவனுடைய சார்ஜரைக் காணவில்லை.

"எங்க வெச்ச?"

"நான் எடுக்கலடா."

கொண்டையைப் பிடித்து முகத்தைத் தையல் மெஷின் தகட்டில் அழுத்தினான். ஊசி கண்ணுக்கு ஒரு விரல் தள்ளி நின்றது. "ஒட்டு இருக்குடா, பாப்பாங்கடா" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இந்தத் தடவை நான் சொல்லிடுவேன்" என்று சேர்த்துச் சொன்னாள்.

"சொல்லுவியா? எவ பாக்குறா? பாக்கட்டும்."

ரவிக்கையைப் பின்னாலிருந்து தூக்கினான். ஒட்டின் மேல் விரலை வைத்து எண்ணினான், கணக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி. ஒண்ணு, ரெண்டு, மூணு. பத்து வரை போனான்.

"எதுல போடட்டும்? நம்பர் சொல்லு."

"டேய், வேணாம்டா."

"நம்பர் சொல்லு! இல்லேன்னா பத்துலயும் போடுவேன்."

கன்னம் இரும்பில் கிடந்தபோதும் அவள் யோசித்தாள். சனிக்கிழமை ஒட்டிய நேரத்திலிருந்தே ஒரு கட்டம் அரித்துக்கொண்டிருந்தது. அவன் ஏழு என்று தொட்ட இடம்தான் அது, ஏற்கெனவே சிவந்துதான் இருக்கும். அங்கே விழுந்தால் கிரீமோடு கிரீமாகப் போய்விடும்.

"ஏழு."

முதல் குத்தில் மூச்சு நின்றது. இரண்டாவதில் பல் தகட்டில் மோதியது. மூன்றாவதும் அதே இடம், நூல் பிடித்த மாதிரி. மெஷினில் இருந்த குழந்தைச் சட்டையின் காலரில் ரத்தம். அவன் போனதும் எச்சில் தொட்டுத் தேய்த்து அதைத்தான் முதலில் எடுத்தாள். காலையில் அவனே பைக்கை எடுத்தான். "நானே கூட்டிட்டுப் போறேன்." இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருக்கிறான். கதவு வழியாகச் சத்தம் கேட்டது.

"நாலு விரல் முட்டி மேலயா விழுந்தீங்க?" லென்ஸு குரலைத் தாழ்த்தினாள்.

தையல்காரம்மா சார்ஜரிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சுவரைப் பார்த்தபடி சொன்னாள். முடிவில், "மூணுன்னு போட்டுடு லென்ஸு. அது நெஜமாவே அரிச்சுது. பொய் இல்ல" என்றாள்.

"எப்பலேருந்து?"

"ஒட்டினதுலேருந்தே."

லென்ஸு பேனாவைக் கீழே வைத்தாள். இந்தச் சோதனையில் முப்பது முதுகு பார்த்தாகிவிட்டது. எல்லாவற்றிலும் ஏழு சுத்தம். ஏதோ ஒரு டப்பாவில் ஏதோ இருக்கிறது, அதை இந்த ஒரு தோல்தான் கண்டுபிடித்தது. அதன் மேல் போய் அடி விழுந்திருக்கிறது. கிரீமின் சிவப்பு எது, கையின் சிவப்பு எது என்று இனி எந்த விளக்காலும் பிரிக்க முடியாது. நாளைக்கு யார் கன்னத்திலோ அந்தக் கிரீம் ஏறும்.

"போட முடியாதும்மா. காயம்னுதான் எழுதணும்."

"எழுதினா?"

"பேரை எடுத்துடுவாங்க. மறுபடி கூப்பிட மாட்டாங்க."

"அப்ப எம் முதுகை யாரு பாப்பா?"

சாவி சுற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"போலீஸுக்குப் போலாம்மா. நான் வரேன், இப்பவே."

"பெத்தவ எப்படிடி போவா?" என்றாள். அடுத்த நிமிடம், "அது எப்படி இருக்குன்னு எனக்குக் காட்டேன்" என்றாள்.

லென்ஸு போனில் படம் எடுத்துக் காட்டினாள். ஐம்பத்திரண்டு வயதில் தன் முதுகை முதல்முறையாகப் பார்க்கிற தையல்காரம்மா, அளவு சரிபார்ப்பது போல் தலையைச் சாய்த்து, அந்த நாலு புள்ளியை விரலால் அளந்தாள். பிறகு கதவுப் பக்கம் முதுகைக் காட்டி ஸ்டூலில் நேராகத் திரும்பி உட்கார்ந்தாள். அங்கியை மூடவில்லை.

"அவனை உள்ள கூப்பிடு."

"வேணாம்மா. எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான். கூப்பிடு. கதவைச் சாத்தாத."

லென்ஸு கதவை விரியத் திறந்தாள். நடைபாதையில் உட்கார்ந்திருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். அவன் வாசற்படியில் வந்து நின்றான். விளக்கு வெளிச்சத்தில் அவன் அம்மாவின் முதுகு, பேனாக் கோடு போட்ட பத்துக் கட்டம்.

"என்னம்மா இது? எழுந்திரு, போலாம்."

தையல்காரம்மா திரும்பவில்லை.

"இந்தப் பொண்ணு எழுதணுமாம். நம்பர் சொல்லுடா."

லென்ஸு பேனாவை எடுத்துத் தாளின் மேல் பிடித்தாள். அவன் விரலில் சாவி நின்றிருந்தது.