மாமனார் தூங்கவிடாத சர்வர்

1

இது என் சொந்தச் சரக்கில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல் மருத்துவமனை ஒன்றுக்கு வலைத்தளம் எழுதிக்கொடுத்த நண்பன் புலம்பியது. அவன் புலம்பினான், நான் கதையாக்குகிறேன். இலக்கியம் இப்படித்தான் வளர்கிறது.

‘நினைவு என்பது ஒரு நதி, அதன் கரையில்…’

(வேண்டாம். கம்ப்யூட்டர் மெமரி என்றதும் நதிக்கு ஓடுகிற ஆள் நானில்லை.)

2

காத்திருப்போர் வரிசையை நண்பன் சர்வர் மெமரியில் ஒரே பொதுப் பட்டியலாக வைத்திருந்தான். வரவேற்பறை, டாக்டர் அறை, நோயாளியின் கைபேசி எல்லாம் பார்ப்பது அந்த ஒன்றைத்தான். கொஞ்ச நேரம் யாரும் தளத்தைத் திறக்காவிட்டால் தளத்தை ஓட்டுகிற ஃப்ரேம்வொர்க் கடையைச் சாத்திவிடும். வரிசையும் அதோடு காலி. ஒரு மதிய வேளையில் அப்படிக் காலியாகி, வீங்கிய கன்னங்களோடு வந்தவர்கள் யார் முதலில் என்று மல்லுக்கட்டினார்கள்.

அழியாமல் டேட்டாபேஸில் எழுதிவைத்தால் தீர்ந்தது. நண்பன் மேதை அல்லவா? வீட்டில் சும்மா இருந்த மாமனாரிடம் மடிக்கணினியைக் கொடுத்து, சர்வர் தூங்கிவிடாதபடி பக்கத்தை அடிக்கடி ரெஃப்ரெஷ் பண்ணச் சொன்னான். தற்காலிகமாகத்தான்.*

* மென்பொருள்காரர்கள் அகராதியில்: நிரந்தரமாக.

3

ஓய்வு பெற்றதிலிருந்து சட்டைகூட மாற்றாமல் கிடந்த மனிதர் இப்போது குளித்து, தலைவாரி, சட்டையை இன் பண்ணி உட்கார்கிறார். சம்பந்தி போன் செய்தால் டியூட்டியில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிடுகிறார். (இப்படி ஒருவர் இருப்பாரா என்று எனக்கும் சந்தேகம்தான். நண்பன் படம் அனுப்பினான். பெல்ட் வேறு.)

4

இந்தக் கூத்து டாக்டரின் காதுக்குப் போனது. ஒழுங்காகச் சரிசெய்யச் சொல்லிவிட்டார். நண்பனின் மனைவி குறுக்கே வந்தாள்.

“சரி பண்ணிக்கோங்க. அப்பாகிட்ட மட்டும் சொல்லாதீங்க. திரும்பவும் சுவரைப் பாத்துப் படுத்துருவாரு.”

சரிசெய்தான். சொல்லவில்லை. மாமனார் ரெஃப்ரெஷ் பண்ணிக்கொண்டே இருந்தார். இங்கே நான் எழுதுவதை நிறுத்திவிட்டு அந்த பெல்ட் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நக்கலாக எழுதுகிறவனுக்கு ஆகாத வியாதி.

5

முடிவு ஒன்று: மாமனார் காய்ச்சலில் படுக்கிறார், எழுந்து பார்த்தால் வரிசை அப்படியே… (அடித்துவிட்டேன். காய்ச்சல் மலிவு.)

முடிவு இரண்டு: டாக்டர் நேரில் வந்து அவருக்கு நன்றி சொல்லி… (எந்த டாக்டர் வருவார்?)

நடந்தது இதுதான். இன்று வீட்டில் இணையம் போய்விட்டது. மாமனார் பதறியடித்து மருத்துவமனைக்கே ஓடினார். அங்கே வரிசை அது பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தது. திரும்பி வந்து மருமகனின் எதிரில் உட்கார்ந்து கேட்டார்.

“மாப்ள, நான் இல்லாமயே ஓடுதா?”

நண்பன் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எனக்குப் போன் செய்தான். எழுத்தாளன்தானே, ஏதாவது சொல்லு என்றான். இருடா என்று சொல்லிவிட்டு உங்களிடம் வந்தேன். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். அவர் இன்னும் ஹாலில்தான் உட்கார்ந்திருக்கிறார்.