எங்கட வாப்பா மீன்புடிகாரர்

அதற்குள் அது போய்விட்டது. றுமைஸா போனின் திரையைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். அனுப்பியதைத் திரும்ப எடுக்கிற வழி எங்கேயும் இல்லை. கட்டுரை போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாக ஒரு பச்சைச் சரி மட்டும் அசையாமல் நின்றது. ‘என்ன வேலை பார்த்திட்டன், அல்லாஹ்வே!’

அந்த ஆங்கிலக் கட்டுரையில் அவள் மாற்றியது ஒரே ஒரு சொல். ‘இஸ்’ இருந்த இடத்தில் ‘வொஸ்’ போட்டாள். அதோடு வாப்பா முடிந்துபோனார்.

கம்பஸில் முதல் வருடப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் கட்டுரை எழுதப் பழக்குகிற மிஸ் றொஷேல், வீட்டில் உள்ள ஒருவரைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார். வாப்பா மீனவர் என்று தொடங்கியிருந்தாள் றுமைஸா. கிழிந்த வலை பொத்தினது, சுபஹுத் தொழுகைக்கு முன்னம் எழும்பிப் போனது, மழைக்குள் நனைந்துகொண்டு பாரைமீன் தூக்கி வந்தது எல்லாம் அதன் பிறகு வந்தன. நேற்று அந்தத் தாள் சிவப்பு வட்டத்தோடு திரும்பி வந்தது.

“முதல் வசனம் பிரசன்ட், மற்றதெல்லாம் பாஸ்ட். ஒராளை ரெண்டு காலத்தில நிப்பாட்ட ஏலாது, றுமைஸா,” என்றார் மிஸ். அவருக்கு விசயம் தெரியாது. “வாப்பா இப்பவும் தொழிலுக்குப் போறவரா, விட்டுட்டாரா?”

வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது.

“விட்டுட்டார் மிஸ்.”

“அப்ப ‘வொஸ்’. திருத்தி அனுப்புங்க.”

அவள் திருத்தினாள், அனுப்பினாள்.

வாப்பா போன போட் போன மாரியில் திரும்பவில்லை. நேவி தேடியது, மற்றப் போட்காரர் தேடினார்கள். ஒரு பலகைகூடக் கரையடையவில்லை. பள்ளிவாசலில் ஆளுக்கொரு கதை கதைத்தார்கள். பிறகு உம்மாவின் தம்பி கலந்தர் மாமா வந்து, முற்றத்தில் நின்றபடியே, புருசனை இழந்த பெண் வெள்ளை உடுத்து வீட்டுக்குள் இருக்கிற இத்தாவைப் பற்றி உம்மாவிடம் கேட்டார்: “ராத்தா, இத்தா இரிக்கிறது பத்தி மௌலவிக்கிட்டக் கேட்டுப் பார்ப்பமா?”

உம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. “மௌத்த ஆருடா கண்ட? மையித்து இல்லாம நான் ஏன் வெள்ள உடுக்க? அவர் வந்து, ‘முனவ்வறா, நீ ஆருக்கு இத்தா இரிக்காய்’ எண்டு கேட்டா நீ வந்து பதில் செல்லுவியா?”

மாமா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தக் கதையை ஒருவரும் எடுக்கவில்லை. வீட்டில் கறி கொதிக்கும்போதெல்லாம், “வாப்பாக்குப் புளி கூடினாப் புடிக்காது” என்பார் உம்மா. ‘புடிக்காது’ என்ற சொல்லுக்குள் ஆள் இருந்தார். எப்போது வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து சாப்பிடுவார் போல இருந்தது.

போன் அலறியது. பாண்டிருப்பிலிருந்து யதுசா. கம்பஸில் அவளோடு ஒரே வாங்கில் பக்கத்தில் இருந்து படிக்கிறவள்.

“என்னடி, மெசேஜ் மேல மெசேஜ் போட்டிருக்காய்? ஆரும் செத்துக் கித்துப்...” யதுசா நாக்கைக் கடித்துக்கொண்டாள். “சொறிடி.”

“அனுப்பினத்த எடுக்க ஏலாதா யதுசா?”

“எடுக்க ஏலாது. ஆனா பிழை இரிந்தா இருட்டுறதுக்குள்ள மறுகா அனுப்பலாமாம். மிஸ் குறூப்பில போட்டிருக்கா, நீ பாக்கல்லயா?”

“‘இஸ்’ எண்டே போடப் போறன்.”

“அப்ப மற்றதெல்லாத்தையும் மாத்தணும் கா. வலை பொத்துறார், கடலுக்குப் போறார் எண்டு. ஒவ்வொண்டிலயும் எஸ் வரணும். நீதான் எப்பவும் எஸ்ஸத் திண்டுடுவியே!”

றுமைஸாவுக்குச் சிரிப்பு வந்து, பாதியில் அழுகையாகத் திரும்பியது. பிறகு, “உனக்கு எது சரியெண்டு படுதோ அதப் போடு” என்று யதுசா மெல்லச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

றுமைஸா கட்டுரையைத் திறந்தாள். ‘ஹி கோஸ் டு ஸீ.’ எஸ்ஸைச் சரியாகப் போட்டு, வாய்விட்டு வாசித்தாள். இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் வாசித்த வாய் கூசியது. போட் கட்டுகிற இடத்தைத் தாண்டித்தான் அவள் தினமும் பஸ்ஸுக்குப் போகிறாள்; அங்கே வாப்பா போன போட் இல்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மிஸ் கேட்பதற்கு முன்னமே, ஒருவரும் சொல்லாமலே, முதல் வசனத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவள் கையே அப்படித்தான் எழுதியிருந்தது. இறந்த காலம். சின்ன வகுப்பில் நிகழ்காலம், எதிர்காலம் என்று சேர்த்துப் பாட்டாகச் சொன்னபோது அந்தச் சொல்லுக்குள் என்ன கிடக்கிறதென்று அவள் பார்த்ததே இல்லை.

“என்ன புள்ள, போனக் கட்டிப் புடிச்சிட்டு அழுறாய்?” கையில் இடியப்ப மாவோடு உம்மா வாசலில் நின்றார்.

“ஒண்டுமில்ல உம்மா. கட்டுர.”

“ஆரப் பத்தி?”

“வாப்பாவப் பத்தி.”

உம்மாவின் முகம் மலர்ந்தது. இத்தனை மாதத்தில் அப்படி மலர்ந்து றுமைஸா கண்டதில்லை. மாவுக் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு கிட்டத்தில் வந்து குந்தினார். “எனக்கு அந்த இங்கிலீசு வெளங்காது. தமிழில செல்லு, எப்பிடித் தொடங்கியிரிக்காய்?”

றுமைஸா திரையைப் பார்த்தாள். முதல் வசனத்தில் இன்னும் ‘வொஸ்’தான் நின்றது.

“எங்கட வாப்பா மீன்புடிகாரர்.”

சொன்னபிறகுதான் கவனித்தாள். வசனம் அதோடு முடிந்துவிட்டது. இருக்கிறார் என்றோ, இருந்தார் என்றோ தமிழ் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆங்கிலம் விடாது, நடுவில் ஒரு சொல்லை வைக்கச் சொல்லும்.

“ஓம்,” என்று தலையாட்டினார் உம்மா. அந்த வசனத்தைத் தானும் ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு போனின் வெளிச்சத்துக்குள் எட்டிப் பார்த்து, புரியாத எழுத்துகளில் விரலை வைத்துக் கேட்டார்:

“இங்கிலீசிலயும் அப்பிடித்தானே இரிக்கி, மகள்?”