நான்காவது விடை

குழந்தைவேலு மூன்றாம் முறையாகவும் பரிட்சைப் புத்தகத்து வரைபடத்தில் கோட்டின் உச்சியில்தான் விரலை வைத்தான்.

"அறுபத்தஞ்சு. இதுக்கு மேல ஒசரம் எங்க இருக்கு?"

மங்கையர்க்கரசி அரிசி களைந்துகொண்டே எட்டிப் பார்த்தாள். "ஒசரத்தைக் கேக்கலைங்க. முந்தின வருசத்தைவிட எந்த வருசம் ரொம்ப ஏறிச்சுன்னு கேட்டிருக்கான். அறுபத்திரண்டைப் பாருங்க, கோடு செங்குத்தா நிக்குது."

அவன் பின்பக்கம் புரட்டி விடையைப் பார்த்தான்; அறுபத்திரண்டுதான். பிறகு புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, தகரக் கூரையில் மழை கொட்டுவதையும் பொருட்படுத்தாமல் வெளியே போய்விட்டான்.

அந்தப் புத்தகம் மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்தது. அவன்தான் போர்ட் பிளேரின் அபர்டீன் பஜாரில் சொல்லிவைத்து வாங்கினான். தென்காசிப் பக்கத்திலிருந்து அந்தமானுக்கு வந்த நாளிலிருந்து அரசாங்க ஸ்டோரில் அவனுக்கு டெம்பரரி வேலை. கட்சால் தீவு ரப்பர் தோட்டத்து ஆபீசுக்குப் புள்ளிவிவர கிளார்க் ஒருவர் வேண்டும், பரிட்சை உண்டு என்று தெரிந்ததும் அவன் முகமே மலர்ந்துபோனது. அவன் சவரம் செய்யும்போது கேள்விகளை உரக்கப் படிப்பது அவள் வேலை. அப்படிப் படிக்கப்போய்தான் அவளுக்கு அதில் ருசி விழுந்தது. "நீயும் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ்தானே, சும்மா எழுதேன்," என்று சொன்னவனும் அவன்தான். சிரித்துக்கொண்டு சொன்னான்.

படங்கள் அவளுக்குப் பிடித்திருந்தன. முதலில் ஓரங்களைத்தான் பார்ப்பாள். கீழே என்ன எழுதியிருக்கிறது, பக்கவாட்டில் எந்த எண்ணில் தொடங்குகிறது என்று. ஒரு படத்தில் ஒரு கட்டம் மற்றதைப்போல இரண்டு மடங்கு உயரமாக நின்றது. ஓரத்தில் பார்த்தால் கணக்கு பூஜ்யத்தில் தொடங்காமல் நானூற்றில் தொடங்கியிருந்தது. உண்மையில் வித்தியாசம் சொற்பம்தான். அதைக் கண்டுபிடித்த மத்தியானம் அவளுக்கு வந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்லத் தெரியவில்லை; நானூறைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் மட்டும் போட்டாள். மூன்று வயது மகள் ருக்குவைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினாள். குழந்தை காரணம் கேட்காமல் சிரித்தது.

அன்று மழையில் போனவன் நனைந்து திரும்பினான். அவன் தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. பரிட்சைக்கே போகாமல் இருந்துவிடலாமா என்று அவள் யோசித்தாள். கை கழுவிவிட்டு வந்தவன் புத்தகத்தை அவள் பக்கம் தள்ளினான். "நீ வட்டம் போட்ட அந்த நானூறு கணக்கை எனக்கும் சொல்லு."

பரிட்சைக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். ருக்குவைப் பக்கத்து வீட்டுச் செல்வம்மாள் வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூட ஹாலில் ஆளுக்கொரு மூலை. கடைசிக் கேள்வியில் இரண்டு கோடுகள். ஒன்று மழை, ஒன்று விளைச்சல். ஒரே வருசத்தில் இரண்டும் சரிந்திருந்தன. விளைச்சல் ஏன் குறைந்தது? கீழே நான்கு விடைகள்: மழைக் குறைவு, ஆள் பற்றாக்குறை, பூச்சி, இந்தப் படத்திலிருந்து சொல்ல முடியாது. அவள் பேனா மழையின் மேல் போய் நின்றது. படத்தை மறுபடி பார்த்தாள். இரண்டும் சேர்ந்து இறங்கியதாகத்தான் படம் சொல்கிறது. எது எதை இறக்கியது என்று அதில் எங்கே இருக்கிறது? நான்காவது விடையில் குறியிட்டாள். உடனே தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"கடைசி கேள்வி லேசு. மழைதானே?" வாசலில் குழந்தைவேலு கேட்டான்.

"நான் சொல்ல முடியாதுன்னு போட்டேன்."

"மழை இல்லேன்னா விளைச்சல் எப்படி வரும்? ருக்குட்ட கேட்டாலும் சொல்லுவா."

"வராதுதான். ஆனா படம் அதைச் சொல்லலையே."

அவன் பஜார் முனைவரை அவளுக்கு முன்னால் நடந்தான். அங்கே நின்று, "போச்சு, நீ போட்டதுதான் சரி," என்றான். அவன் குரலில் கோபம் இல்லை. அவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

முடிவு வந்த அன்று அவன் தனியாகப் போய்ப் பார்த்தான். வர நேரமானது. வந்தபோது கையில் ஜிலேபிப் பொட்டலம் இருந்தது. கசங்கிப்போயிருந்தது; வெகுநேரம் கையிலேயே வைத்திருந்திருப்பான்.

"பேரு போட்டிருக்கான்," என்றான். "ஒம் பேரு. பக்கா நௌக்ரி, பெர்மனென்ட் வேலை."

அவள் அடுப்பை அணைத்தாள். "நான் போகலைங்க," என்றாள்.

"ஏன்?"

"நீங்க இங்க, நான் அங்க கட்சால்லயா?"

"நான் ஏன் இங்க இருக்கேன்? டெம்பரரி வேலைதானே, இங்க விட்டா என்ன. அங்கயும் ஸ்டோர்னு ஒண்ணு இருக்கும்லா."

"இல்லேன்னா?"

குழந்தைவேலு ஒரு ஜிலேபியைப் பிய்த்து ருக்குவின் வாயில் வைத்தான். "இல்லேன்னா கிடைக்கிற வரைக்கும் இவளை நான் பாத்துக்கிடுதேன். சோறு குழைஞ்சா பேசாம திங்கணும், ஆமா."

குத்திப் பேசுகிறானா என்று அவள் அவன் முகத்தையே பார்த்தாள். குழந்தையின் தாடையில் வழிந்த பாகை அவன் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் பொட்டலத்திலிருந்து பெரிதாக ஒன்றை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

கட்சாலில் கப்பல் கரையை ஒட்டவில்லை. கடலில் நிறுத்தி, படகில் இறங்கச் சொன்னார்கள். குழந்தைவேலு டிரங்குப் பெட்டியோடு முதலில் இறங்கி, ஆடுகிற படகில் காலை அகட்டி நின்றுகொண்டு இரண்டு கைகளையும் மேலே நீட்டினான். ஏணியின் கடைசிப் படியில் மங்கையர்க்கரசி ருக்குவை இடுப்போடு இறுக்கிப் பிடித்திருந்தாள். படகு சட்டென்று கீழே போனது.

"இப்பம் வேண்டாம்," என்று அவன் கத்தினான். "அலை தூக்கட்டும்."

அவள் நின்றாள். அவனுக்குப் பின்னால் கரையில் ரப்பர் கன்றுகள் வரிசை வரிசையாக மேட்டில் ஏறிப்போயின. படகு மெல்ல மேலே வந்தது. ருக்கு தானாகவே இரண்டு கைகளையும் அப்பாவை நோக்கி நீட்டினாள்.