கஸ்பர் சுமந்த கட்டை

என் தம்பி கஸ்பருக்குப் பேச வராது என்று யாராவது சொன்னால் அவன் ஓட்டும் பள்ளிப் பேருந்தின் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். முன்னால் பாதையைப் பார்த்தபடியே, கடைசி வரிசையில் ஆப்பிள் எறிபவனைப் பெயர் சொல்லி அதட்டுகிற தொண்டை அவனுடையது. ஆனால் மலை மேல் சாப்பாட்டுக் குடில் நடத்தும் அஃப்ராவின் முன்னால் நின்றால் அந்தத் தொண்டை எங்கே ஓடி ஒளியுமோ தெரியாது. இந்தக் கோடை முழுவதும் ஞாயிறு தவறாமல் மேலே ஏறினான். ரொட்டி உருண்டை போட்ட சூப்பைக் குடித்தான். "நல்லாயிருக்கு" என்றான். இறங்கி வந்தான். அவன் காதலித்த லட்சணம் அவ்வளவுதான்.

அன்றைக்குக் குடிலை மூடும் நாள். வழக்கமாகக் குளிர்காலத்தில் அஃப்ரா கீழே எங்கள் ஊரிலேயே ஒரு அறை எடுத்துத் தங்குவாள். இந்த முறை லின்ஸ் நகரத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறாள், அங்கே பேக்கரியில் வேலை கிடைத்துவிட்டது, இனித் திரும்பி வருவது சந்தேகம்தான் என்று தபால்காரி ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். இன்று கேட்காவிட்டால் கஸ்பர் ஆயுசுக்கும் என் சமையலறையில் உட்கார்ந்து பெருமூச்சு விடுவான். அதை என்னால் சகிக்க முடியாது. முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு நானும் கிளம்பினேன்.

அடிவாரத்து ஓடைப் பாலத்தருகே விறகுக் குவியல் கிடந்தது. குடிலுக்கு வண்டிப்பாதை கிடையாது. அதனால் ஏறுகிறவர்கள் ஆளுக்கொரு கட்டையைத் தூக்கிக்கொண்டு போவது எங்கள் வழக்கம். மேலே போய் இறக்கினால் ஒரு சின்னக் கிளாஸ் ஷ்னாப்ஸ் சாராயம் கிடைக்கும். நான் இருப்பதிலேயே ஒல்லியான கட்டையைப் பார்த்து எடுத்தேன். எப்போதும் இரண்டாகத் தூக்கும் கஸ்பர் அன்று குவியல் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"என்னடா, இன்னைக்கு ஓசியில குடிக்கப் போறியா?"

"பையில இருக்குக்கா."

"இங்க குவிஞ்சு கெடக்குறப்ப வீட்லேருந்தா சுமந்துட்டு வர்ற? கூறு இருக்கா உனக்கு?"

"நீ பேசாம நடந்து வாக்கா."

நடந்தேன். ஓடையை ஒட்டிய பாதை முதலில் சமமாகத்தான் போகும். மாடுகளை எல்லாம் கீழே ஓட்டிப் போய்விட்டதால் மணியோசை இல்லாமல் புல்வெளி வெறிச்சென்று இருந்தது. லார்ச் மரங்கள் மஞ்சளாகி நின்றன. எத்தனை தடவை பார்த்தாலும் அந்த மஞ்சள் என்னை மயக்கிவிடும், வலிக்கிற முழங்காலையும் மறந்து நின்றுவிடுவேன். கஸ்பர் எதையும் பார்க்கவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஏதோ ஒத்திகை போல.

ஏற்றம் தொடங்கும் இடத்தில் மாட்டு வேலிக்கு ஒரு மரக்கதவு உண்டு. அதில் அவன் பை மாட்டிக்கொண்டு வாய் பிளந்தது. உள்ளே சுற்றியிருந்த துணி விலகியது. பட்டை உரித்து, கன்னம் போல இழைத்த பைன் கட்டை. அதில் எழுத்துகள் செதுக்கியிருந்தன. 'அஃப்ரா, என்னோட இருந்துடு.' சுற்றிலும் கொடிகள், இலைகள், ஒரு மூலையில் ஏதோ பிராணி.

"இது என்னடா, பன்னியா?"

"மர்மோட்டுக்கா, மலை அணில்."

"ஏன்டா, இத்தனையும் செதுக்குற நேரத்துல வாயால கேட்டிருக்கலாமே."

"வர மாட்டேங்குதுக்கா. இதக் கையில குடுத்துட்டா அவளே படிச்சுக்குவா. நீ மட்டும் மேல வந்து வாயத் திறக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அவன் காது சிவந்திருந்ததைப் பார்த்ததும் கிண்டல் செய்ய மனம் வரவில்லை.

கடைசி ஏற்றத்தில் ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. குடிலுக்குள் நுழைந்தபோது இருவரும் நனைந்த கோழிகளாக இருந்தோம். மூடும் நாள் என்பதால் உள்ளே நல்ல கூட்டம். கஸ்பர் கதவருகிலேயே நின்று, துணியைப் பிரித்து, கட்டையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டான். அஃப்ரா சமையலறையில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாணலியைக் குலுக்கிக்கொண்டிருந்தாள்.

"யாருய்யா வாசல்ல நிக்கிறது? கூடத்து அடுப்பு அணையுது பாரு. கட்டையப் போட்டுக் கதவச் சாத்து."

எங்கள் மலையில் யார் உள்ளே வந்தாலும் அடுப்பைக் கவனிப்பது அனிச்சையான பழக்கம். அதுவும் அஃப்ரா சொல்லிவிட்டாள். கஸ்பர் நேராகப் போனான், கூடத்து இரும்பு அடுப்பின் கதவைத் திறந்தான், கட்டையைப் போட்டான், மூடினான். திரும்பி என்னைப் பார்த்தபோதுதான் அவனுக்கு உறைத்தது.

இடுக்கியை எடுத்துக்கொண்டு பாய்ந்தான். காய்ந்த பைன் கேட்கவா வேண்டும், அதற்குள் பற்றிக்கொண்டது. வாசனை மட்டும் கூடம் முழுக்கப் பரவியது. கூட்டம் திரும்பிப் பார்த்தது. அஃப்ராவும் வாணலியோடு வந்துவிட்டாள்.

"கஸ்பர், அடுப்புக்குள்ள என்னய்யா தேடுற?"

"கட்டை."

"அடுப்புல கட்டை இல்லாம சூப்பா இருக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"அதுல... எழுத்து செதுக்கியிருந்தேன்."

"என்னன்னு?"

கஸ்பர் இடுக்கியைக் கீழே வைத்தான். அவள் என்னைப் பார்த்தாள். நான் பக்கத்து மேசைக்காரரின் ரொட்டியை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு வாயை மூடியதில்லை. கஸ்பர் எழுந்து நின்றான். கடைசியில் அவனிடம் இருந்த ஒரே குரல்தான் வந்தது, அந்தப் பேருந்துக் குரல்.

"அஃப்ரா, என்னோட இருந்துடு."

மூலையில் சாய்ந்திருந்த இரண்டு பேர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அஃப்ரா வாணலியைக் கீழே வைத்தாள்.

"எப்பலேருந்து செதுக்கின?"

"ஆகஸ்ட்லேருந்து."

"ஆகஸ்ட்லயே வாயால சொல்லியிருந்தா நான் ஏன்யா லின்ஸுக்கு டிக்கெட் எடுக்கப் போறேன்?"

அதோடு சமையலறைக்குள் போய்விட்டாள். கஸ்பர் பெஞ்சில் சரிந்தான். சூப் வந்தது. அவன் தொடவில்லை, "நல்லாயிருக்கு" என்றுகூடச் சொல்லவில்லை. எனக்கு அழுகை முட்டியது. அவள் மேல் கோபமும் வந்தது. ஆமாம் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

மழை விட்டதும் கூட்டம் கிளம்பியது. மூடும் நாளில் யாரும் வெறுங்கையோடு இறங்க முடியாது. அஃப்ரா வாசலில் நின்று ஆளுக்கொரு சுமையைக் கையில் திணித்தாள். ஒருவருக்குக் கம்பளிகள், ஒருவருக்கு ஜாடிகள், எனக்கு அந்த வாணலி. கடைசியாகக் கஸ்பர் முன்னால் பெரிய முதுகுப்பை ஒன்றை இழுத்துப் போட்டாள். அதன் மேல் ஒரு ஜோடி பூட்ஸ் கட்டியிருந்தது.

"இது யாருக்குப் போகணும்?"

"என்னோட துணிமணி. உன் வீட்ல வை."

பையைத் தூக்கப் போனவன் அதை மறுபடி கீழே வைத்தான்.

"அப்ப டிக்கெட்டு?"

"தபால்காரிக்குக் குடுத்துடறேன். ஊரெல்லாம் சொன்னவ போய்ப் பாத்துட்டு வரட்டும்."

இறங்கும்போது அந்த மூட்டையைச் சுமந்துகொண்டு கஸ்பர் ஆட்டுக்குட்டியைப் போலத் துள்ளிப் போனான். நான் வாணலியோடு பின்னால் நொண்டினேன். பாலத்தருகே வந்ததும் அஃப்ரா நின்றாள். குவியலில் மிச்சமிருந்ததிலேயே பெரிய கட்டையைப் பார்த்து எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டாள்.

"கீழ தானே போறோம், அது எதுக்கு?" என்றான் கஸ்பர்.

"உன் வீட்டு அடுப்புக்கு. நான் மட்டும் வெறுங்கையோட வரலாமா?" என்றாள் அஃப்ரா. "ஷ்னாப்ஸ் இருக்குல்ல?"