மூன்று குக்கர் சில்லி

வியாழக்கிழமை காலையில் டார்லா பன்னிரண்டு பவுண்டு மாட்டுக் கொத்துக்கறியைப் பச்சைத் தண்ணீரில் போட்டு விரல்களால் கரைத்துக்கொண்டிருந்தாள். சின்சினாட்டியின் மேற்குப் பக்கத்தில் ஸ்பகெட்டிமேல் ஊற்றிச் சாப்பிடும் சில்லி என்ற கறிக்குழம்புக்குக் கறியை யாரும் வதக்குவதில்லை. பச்சையாகவே, குளிர்ந்த நீரில், ஒரு கட்டிகூட இல்லாமல் கரைய வேண்டும். அதன் பிறகுதான் தக்காளி, பட்டை, கிராம்பு, ஒரு கரண்டி கோக்கோ, கொஞ்சம் வினிகர். அதன் பிறகு ஸ்லோ குக்கரின் மூடியைப் போட்டுவிட்டு எட்டு மணி நேரம் அதை மறந்துவிட வேண்டும்.

கல்யாணமான புதிதில் அவள் தன் ஊர் வழக்கப்படி கறியை வெங்காயத்தோடு வதக்கப் போனாள். நார்பர்ட் வாணலியை வாங்கிக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "உங்க மலைப்பக்கத்துல இதுக்குப் பேருதான் சில்லியா?" என்று கேட்டான். பிறகு தன் கையை அவள் கைமேல் வைத்து, தண்ணீருக்குள் கறியை எப்படி உடைப்பதென்று காட்டினான். இரண்டு பேருக்கும் விரல் மரத்துப்போகும் வரை அப்படியே நின்றார்கள்.

திங்கட்கிழமை அவன் இறந்துவிட்டான். வெள்ளிக்கிழமை அடக்கம். அடக்கம் முடிந்ததும் கோவிலின் பங்குக் கூடத்தில் சாப்பாடு.

டார்லா ஓகையோ நதிக்குத் தெற்கே, கெண்டக்கி மலைகளிலிருந்து வந்தவள். பாப்டிஸ்ட் சபை; நார்பர்ட் வீட்டார் கத்தோலிக்கர்கள். கல்யாணம் நீதிமன்றத்தில் கையெழுத்துப் போட்டு நடந்தது. நார்பர்ட்டின் அக்கா வில்மாவும் அவளைச் சேர்ந்த பங்குப் பெண்களும் பத்தொன்பது வருஷமாக டார்லாவை நன்றாகத்தான் விசாரித்தார்கள். ஆனால் எந்த விருந்திலும் ஒரு பாத்திரம் கொண்டுவரச் சொன்னதில்லை. நீ சும்மா வா கண்ணு, நாங்க பாத்துக்கறோம் என்பார்கள். இந்த ஒரு நாளாவது அவனுடைய ஆட்களுக்கு அவன் மனைவியாக நின்று தன் கையால் பரிமாற வேண்டும் என்று டார்லா ஆசைப்பட்டாள். வேறு எதையும் அவள் யாரிடமும் கேட்கவில்லை.

புதன்கிழமை மாலை வில்மா வந்திருந்தாள். நெற்றியில் சாம்பல் சிலுவை கறுப்பாக அப்பியிருந்தது. அன்று திருநீற்றுப் புதன் என்பது டார்லாவுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அந்த வாரத்தில் உலகமே நார்பர்ட்டுக்காகத்தான் எல்லாம் செய்துகொண்டிருப்பதுபோல அவளுக்குத் தோன்றியது. அந்தச் சாம்பலும் தம்பிக்காகப் பூசிக்கொண்டதாகவே பட்டது. வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்கு நானே சில்லி செய்கிறேன் என்று அவள் சொன்னபோது வில்மா சற்று நேரம் கையுறையைத் தடவிக்கொண்டிருந்தாள். எத்தனை பேருக்கு என்று கேட்டாள். எழுபது என்றாள் டார்லா. ஒரு குக்கர் போதாதே என்று வில்மா சொல்லி, தன்னுடையதை அன்றைக்கே அனுப்பி வைத்தாள். இன்னொன்று பக்கத்து வீட்டில் கிடைத்தது. ஸ்பகெட்டி, பீன்ஸ், வெங்காயம், சீஸ் எல்லாம் என் பொறுப்பு, சீஸைக் கொஞ்சம் கூடவே துருவிவிடுகிறேன் என்றும் வில்மா சொன்னாள்.

அவள் போன பிறகு டார்லா கதவில் சாய்ந்துகொண்டு அழுதாள். அன்று அவள் அழுத அழுகையில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

வெந்த சில்லியை இரவு முழுக்கக் குளிரில் வைத்து, காலையில் மேலே உறைந்திருந்த கொழுப்பைத் தகடு தகடாக எடுத்துவிட்டு, மூன்று குக்கரையும் கூடத்துக்குக் கொண்டுபோய் மிதமான சூட்டில் வைத்துவிட்டுத்தான் அடக்கப் பூசைக்குப் போனாள். கல்லறையிலிருந்து திரும்பி வந்து மூடிகளைத் திறந்தபோது பட்டை வாசனை கூடம் முழுக்கப் பரவியது. ஈரக் கோட்டுகளோடு உள்ளே வந்தவர்கள் ஒரு கணம் நின்றார்கள். சிலர் கண்ணைக்கூட மூடிக்கொண்டார்கள். டார்லா கரண்டியோடு மேஜைக்குப் பின்னால் நின்றாள்.

முதலில் வந்தவர் தட்டில் ஸ்பகெட்டி வைத்துக்கொண்டு, சில்லியைத் தாண்டிப் போய், பீன்ஸும் வெங்காயமும் போட்டு, மேலே சீஸைக் குவித்துக்கொண்டார். அடுத்து வந்த பெண்ணும் அப்படியே செய்தாள். டார்லா கரண்டியை நீட்டினால், வேண்டாம்மா, இருக்கட்டும் என்றார்கள். அவள் கையைத் தொட்டார்கள், நார்பர்ட் எவ்வளவு நல்லவன் என்றார்கள், நகர்ந்துபோனார்கள். இருபது தட்டுகள் அப்படிப் போயின. மஞ்சள் சீஸ் மலைகளாக, அடியில் வெறும் வெள்ளை ஸ்பகெட்டி.

நார்பர்ட்டோடு ஆலையில் வேலை செய்த கிளெம் மட்டும் அவள் பக்கம் குனிந்தார்.

"வெள்ளிக்கிழமைம்மா இன்னிக்கு," என்றார் மெதுவாக. "தவக்காலம் தொடங்கிருச்சுல்ல. சுத்தபோசனம், கறி தொடக்கூடாது."

அவள் கரண்டியை உள்ளேயே விட்டுவிட்டுப் பாதர் ஸ்டெக்மனைத் தேடிப் போனாள். அவர் ஓரத்தில் காபியோடு நின்றிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது. புதன்கிழமை இரவே வில்மாவிடம் சாப்பாட்டைப் பற்றி விசாரித்ததாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை எல்லாம் சுத்தபோசனம்தான் பாதர், நீங்கள் கவலைப்படாதீர்கள் என்று வில்மா சொன்னாளாம்.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா கறி சாப்பிட விலக்கு குடுத்திருப்பேனே," என்றார். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. இரு."

கரண்டியால் கோப்பையைத் தட்டி எல்லோரையும் அமைதியாக்கினார். துக்க வீட்டுச் சாப்பாடு என்பதால் இன்றைக்கு இந்தக் கூடத்தில் இறைச்சிக்கு விலக்கு அளிப்பதாகவும், டார்லா செய்த சில்லியை எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிடலாம் என்றும் அறிவித்தார். கொஞ்சம் சிரித்தும் வைத்தார்.

யாரும் எழவில்லை. எழுபது பேரும் வில்மா இருந்த மேஜையைப் பார்த்தார்கள். வில்மா முட்கரண்டியின் ஓரத்தால் ஸ்பகெட்டியை வெட்டி, ஒரு வாய் எடுத்து, மென்றாள். கிளெம் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். அவர் மனைவி சட்டைக் கையைப் பிடித்தாள். அவர் உட்கார்ந்துவிட்டார். பாதர் தன் காபியைப் பார்த்தார்.

டார்லா வில்மாவின் எதிரே போய் நின்றாள். "தெரிஞ்சுதானே குக்கரைக் குடுத்த?"

"பத்தொம்பது வருஷம் இருந்திருக்க," என்றாள் வில்மா. குரலில் கோபம் எதுவும் இல்லை. "உனக்கே தெரிஞ்சிருக்கணும்ல."

"சொல்லியிருக்கலாமே வில்மா."

"நானா? அவன்ல சொல்லியிருக்கணும்." வில்மா வாயைத் துடைத்துக்கொண்டாள். "தவக்கால வெள்ளி ஒண்ணு விடாம எங்க வீட்டுக்குத்தான் மீன் சாப்பிட வருவான். ஒரு வருஷம் தப்பினதில்ல. உங்கிட்ட எங்க போறேன்னு சொல்லிட்டு வந்தான்?"

பந்துருட்டும் பௌலிங் ஆட்டம் என்று சொல்லிவிட்டுப் போவான். குளிர் முடிகிற அந்த ஆறேழு வாரமும் லீக் ஆட்டம், ராத்திரிச் சாப்பாட்டுக்குக் காத்திருக்காதே என்பான். அவளும் காத்திருந்ததில்லை. தனக்கென்று பன்றிக்கறி வறுத்துச் சாப்பிட்டுவிட்டு, இன்றைக்கு ஜெயித்தாயா என்று கேட்பாள். சுமாராகத்தான் போச்சு என்பான். அவள் அறியாமல் வீட்டுக்குள் ஓர் அறை பத்தொன்பது வருஷமாகப் பூட்டிக் கிடந்ததைப்போல இருந்தது. அதன் சாவி இந்தச் சாப்பாட்டு மேஜையில் எல்லோர் கையிலும் இருந்திருக்கிறது.

"பௌலிங்," என்றாள் டார்லா.

பக்கத்து மேஜையில் யாரோ இருமினார்கள். அந்த நேரத்தில் முதன்முறையாக வில்மா பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். அவளுக்கே அந்தப் பதில் எதிர்பாராததாக இருந்திருக்கலாம்.

அதற்குள் பங்குப் பெண்களில் ஒருத்தி மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்களை அடுக்கோடு தூக்கிக்கொண்டு வந்தாள். வீணாகக் கூடாது, ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துப் போய் நாளைக்குச் சாப்பிட்டுக்கொள்கிறோம், நாளை சனிக்கிழமைதானே என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள்.

"டப்பாவெல்லாம் வேண்டாம்," என்றாள் டார்லா. "இன்னிக்குச் சாப்பிடறதுக்குத்தான் செஞ்சேன்."

அவள் மேஜைக்குத் திரும்பி ஒரு தட்டு எடுத்தாள். ஸ்பகெட்டி, அதன்மேல் இரண்டு கரண்டி சில்லி, பீன்ஸ், வெங்காயம், சீஸ். ஐந்தடுக்கையும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு வந்து வில்மாவுக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். சுழற்றாமல், இந்த ஊர்க்காரர்கள் செய்வதுபோல முட்கரண்டியால் வெட்டி வெட்டிச் சாப்பிட்டாள். கறி வாயில் மணல்போல உதிர்ந்தது. பட்டையின் இனிப்பு முதலில் வந்தது, காரம் பிறகு மெல்ல ஏறியது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு நன்றாக அவளுக்கு ஒருபோதும் வந்ததில்லை. சப்பென்று இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள்.

மற்றவர்களின் தட்டுகள் காலியாகிவிட்டன. சிலர் கோட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்கள். வெளியே மழை பனியாக மாறிக்கொண்டிருந்தது, மேட்டுத் தெருக்களில் கார் வழுக்கும். ஆனால் துக்கப்பட்டவள் எழுவதற்கு முன்னால் எழுந்துபோவது மரியாதையில்லை என்று அந்தப் பங்கில் எல்லோருக்கும் தெரியும். டார்லாவுக்கும் அது தெரியும். அவள் அவசரப்படவில்லை. கடைசி பீன்ஸ் வரை தின்று, தட்டோரத்து எண்ணெயை ஒரு ரொட்டித் துண்டால் வழித்தாள்.

பிறகு எழுந்தாள். கூடமெங்கும் நாற்காலிகள் பின்னுக்கு நகரும் சத்தம் கேட்டது.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு குக்கர்களை நோக்கிப் போனாள். இரண்டாவது முறை நிரப்பிக்கொண்டு அவள் திரும்பியபோது, ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் மறுபடி உட்கார்ந்துகொண்டிருந்தார்கள்.